நோயாளர் மொழியும் மருத்துவத் தமிழும்

மருத்துவத் தமிழைப் பற்றி ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கலைச்சொற்களைப் பற்றியே பேசுகின்றனர். ஆங்கிலச் சொல் ஒன்றற்கு நேரான தமிழ்ச்சொல் யாது, அது வடசொற் கலப்பின்றி அமைந்ததா, சுருங்கிய வடிவினதா என்னும் வினாக்களே மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்கள் வேண்டற்பாலனவே. எனினும் மருத்துவம் என்பது நோயுற்றான் ஒருவன் தன் துன்பத்தைச் சொல்லுதலில் தொடங்குவது. அவன் சொல்வது மருத்துவனுக்கு விளங்குகின்றதா, மருத்துவன் சொல்வது அவனுக்கு விளங்குகின்றதா என்னும் வினாவை நம் திறனாய்வு போதிய அளவு எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பி, நம் இலக்கண மரபு அதற்கு வழங்கும் கருவிகளைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உரைகாரர் வைத்த கடமை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒவ்வொன்றும் நந்நான்கு பண்புடையது எனக் கொண்டு பரிமேலழகர் பதினாறு பண்புகளை விரித்துரைக்கின்றார். வடமொழியில் சரகர் பெயரால் வழங்கும் நூலும் இத்தகைய நாற்கூற்றுப் பகுப்பையும் பதினாறு பண்புகளையும் உடையது.

பரிமேலழகர் நோயாளனுக்கு உரைக்கும் நான்கு பண்புகளுள் ஒன்று ஈண்டு நம் கருத்தை ஈர்க்கின்றது. பொருள் உடைமை, மருத்துவன் சொற்படி ஒழுகுதல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவற்றோடு, தன் நோயின் நிலையை உணர்த்த வல்லனாதலையும் அவர் ஒரு பண்பாகச் சேர்க்கின்றார். நோய் தீர்தற்கு மொழி ஒரு கருவி என்பதனை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, மருத்துவனுக்கு அவர் கூறும் பண்புகளை நோக்குவோம். நோய் கண்டு அஞ்சாமை, ஆசிரியனை வழிபட்டுப் பெற்ற கல்வியும் நுண்ணறிவும், பலகாலும் நோய் தீர்த்த பழக்கம், மனமொழி மெய்களின் தூய்மை என்பன அவை. நோயாளன் உணர்த்துவதை உணர்ந்துகொள்ளும் வன்மை இவற்றுள் தனித்து எண்ணப்படவில்லை. அது நுண்ணறிவின்கண் அடங்கும் எனச் சிலர் அமைதி கூறலாம். அங்ஙனம் கொள்ளினும், உணர்த்தும் வன்மை நோயாளன்பால் வெளிப்படையாக வைக்கப்பட்டதும், உணரும் வன்மை மருத்துவன்பால் உய்த்துணர விடப்பட்டதும் நோக்கத்தக்கன. மொழியின் சுமை நோயாளன் தோளிலேயே ஏற்றப்பட்டுள்ளது.

மருத்துவனும் நோயாளனும் ஓர் ஊரில் வாழ்ந்து ஒரு வழக்கில் பேசிய காலத்தில் இச்சுமை பெரிதாகத் தோன்றியிராது. மருத்துவன் வேற்று மொழியிற் கற்று, வேற்று ஊரிலிருந்து வந்து, வேற்று மொழியில் நோய்க்குறிப்பு எழுதும் காலத்தில் அதுவே நோயாளனை அழுத்தும் சுமையாகின்றது. காய்ச்சலில் நாவுலர்ந்து கிடப்பவனையும், பக்கவாதத்தால் பேச்சிழந்தவனையும் நோக்கி 'உன் நோய்நிலையை உணர்த்துக' என்பது அறமாகுமா?

2. மானிப்பாய் முயற்சி

இச்சுமையைத் தமிழுலகில் மருத்துவன் தானே ஏற்க முன்வந்த ஒரு நிகழ்ச்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காண்கின்றோம். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஷ்க் கிறீன் (1822–1884) சமயத் தொண்டராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். மாணவர்க்கு மேலைமருத்துவம் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். அவர்பாற் பயின்றோர் அறுபதின் மேற்பட்டவர். அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய நூல்களுள் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் (1852), பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) என்பன குறிப்பிடத்தக்கன.

இந்நூல்களின் நடையைக் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இவற்றைத் தமிழ் அறிவியல் உரைநடையின் வழிகாட்டிகள் எனப் போற்றுவர். மற்றொரு சாரார் வடசொல் மிகுதியைக் குறை கூறுவர். இவ்விரு சாராரும் சொல்லின் பிறப்பையே அளவுகோலாகக் கொள்கின்றனர். நோயாளனை அளவுகோலாகக் கொண்டு மேற்காட்டிய தலைப்புகளை மட்டும் நோக்கினும் வேறோர் உண்மை புலப்படும்.

உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் ஆகிய மூன்றனையும் குறிக்கும் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயர் பள்ளியிற் பயிலும் மாணவனுக்கே விளங்கும். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' என்னும் பெயர்களோ வடசொல்லால் ஆயினும் சிற்றூர்ப் பெண்டிர்க்கும் விளங்குவன. பிரசவமும் இரணமும் வைத்தியமும் மக்கள் நாவில் வழங்கிய சொற்கள். ஆகவே, நோயாளன் உடம்பை நேரே தீண்டும் துறையில் மக்கள் சொல்லும், பள்ளியறையில் நிற்கும் துறையில் ஆக்கச்சொல்லும் அமைந்தன எனலாம். 'கெமிஸ்தம்' என்பது பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து அமைத்த மூன்றாம் வகை. வடசொல்லா தென்சொல்லா என்னும் வினாவினும், யாருக்கு விளங்கவேண்டிய சொல் என்னும் வினாவே இந்நூல்களை மதிப்பிடுதற்கு ஏற்றதென்பது எம் கருத்து.

கிறீனின் முயற்சியைப் போற்றுங்கால் அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசுப் பணியையும் மிக்க ஊதியத்தையும் நாடி ஊரை விட்டு நீங்கினர். தமிழிற் கற்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்பது பயிற்றுமொழியை மாற்றியதற்கு ஒரு காரணம். நோயாளனுக்கு நன்மையான ஏற்பாடு மருத்துவனுக்கு வாழ்வின் எல்லையாகவும் அமைந்தது. கொழும்பில் 1870-இல் அரசின் மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் தோன்றியது. 1873-இல் கிறீன் தம் நாடு திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. நோயாளன் மொழியைக் கற்பது மருத்துவனுக்கு இழப்பாக அமையும் வரை, அம்மொழி மருத்துவமனையில் நிலைத்தல் அரிது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

3. தகுதி வழக்கு மூன்றும் நோயாளர் பேச்சும்

நோயாளர் பேச்சின் இயல்பை ஆராய நம் இலக்கணம் துணைபுரிகின்றது. பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். இவற்றை மாணவர் எடுத்துக்காட்டோடு மனப்பாடம் செய்து விட்டுவிடுகின்றனர். மருத்துவமனை வாயிலில் ஒரு நாழிகை நிற்பின் இம்மூன்றும் உயிரோடு உலவக் காணலாம்.

அவையிற் கூறத்தகாததனை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். தொல்காப்பியர் இத்தகையவற்றை அவையல்கிளவி என்பர். உடலின் கழிவும் பெண்ணின் பூப்பும் கருவும் பற்றிய பேச்சு முழுதும் இவ்வகையினதே. 'வெளிக்குப் போகவில்லை' என்னும் நோயாளி மலச்சிக்கலைச் சொல்கின்றார். 'வீட்டுக்குத் தூரம்' என்பது மாதவிலக்கு. 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது கருவுற்றமை. இவற்றை அறியாத இளமருத்துவர் ஒருவர், கருவுற்ற பெண்ணின் தாய் கூறியதைக் கேட்டு நீராடாமையைப் பற்றி அறிவுரை வழங்கின், பிழை அத்தாயினுடையதன்று. மறைத்துக் கூறுவதனையும் மறைவின்றிக் கூறத்தக்கதனையும் வேறுபடுத்தும் நெறியும் மரபில் உண்டு. வழக்கில் மருவி நிலைத்த சொல்லை மறைக்க வேண்டுவதில்லை என்பது தொல்காப்பிய உரையாசிரியர் காட்டும் நெறி. 'சிறுநீர்' என்னும் சொல் அங்ஙனம் நிலைத்துவிட்டது. எச்சொல் நாணமின்றிச் சொல்லத்தக்கது என்பதனை வட்டாரந்தோறும் அறிதல் மருத்துவனுக்கு இன்றியமையாதது.

மங்கலமில்லாததனை மங்கலமாகக் கூறுதல் இரண்டாவது. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 'அம்மை வார்த்திருக்கிறது' என்னும் தொடர் சின்னம்மைக்கு இன்றும் வழங்குகின்றது. அத்தொடரில் அச்சமும் வழிபாடும் கலந்துள்ளன. அதனை இகழும் மருத்துவன் நோயாளியின் நம்பிக்கையை இழப்பான். மங்கல வழக்கு தீங்கு பயக்கும் இடமும் உண்டு. புற்றுநோயை வெறுங் 'கட்டி' என்று மருத்துவனும், அவன்பாற் கேட்ட உறவினரும் நோயாளிக்குச் சொல்லி அமைகின்றனர். சொல்லின் மங்கலம், அறியவேண்டியவனுக்கு உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. உடன்படுதற்கோ மறுத்தற்கோ உரிமையுடையவன் அவன். ஆதலின், இவ்விடத்தில் இன்சொல் வேண்டும், பொய்ம்மை வேண்டா.

குழூஉக்குறி மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றல் பழைய எடுத்துக்காட்டு. ஒரு கூட்டத்தார் தமக்குள் பொருள் விளங்கவும் பிறர்க்கு விளங்காமலும் வழங்குவது இது. மருத்துவர் கலைச்சொல், அது ஆங்கிலமாயினும் தனித்தமிழாயினும், இலக்கண நோக்கில் குழூஉக்குறியே. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மருத்துவர் தம்முள் பேசுதற்குக் குழூஉக்குறி இன்றியமையாதது. நோயாளியை நோக்கிப் பேசுங்கால் அதனையே வழங்குதல் தகுதியன்று. 'பிரசர்' என்னும் ஆங்கிலச் சொல்லை அகற்றிக் 'குருதியழுத்தம்' என்று வைத்துவிட்டால் மொழித்தொண்டு முடிந்தது என எண்ணுவோர் உளர். மக்கள் வழக்கிலோ பிரசர் என்பது உயர் குருதியழுத்த நோய்க்கே பெயராகிவிட்டது. 'உங்களுக்குப் பிரசர் இல்லை' என்று மருத்துவர் கூறுவாராயின், மருந்தினால் அளவு சீராக உள்ளது என்பது அவர் கருத்து. நோய் நீங்கிற்று என்று நோயாளி கொண்டு மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். 'சுகர் நார்மல்' என்னும் தொடரும் இத்தகையதே. இங்குச் சொல்லைத் தமிழாக்குவதால் மட்டும் பிழை நீங்காது. 'அளவு சீராக உள்ளது, மருந்தை நிறுத்தலாகாது' என்று தொடரை முடித்தாலே நீங்கும்.

4. திசைச்சொல்லும் தமிழருள் தமிழர்

நோயாளனும் மருத்துவனும் இருவருமே தமிழராயின் இடரில்லை என்று கருதுவோரும் உளர். அக்கருத்து ஆராய்ச்சிக்கு நில்லாது. யாழ்ப்பாணத் தமிழில் 'வருத்தம்' என்பது நோய், நோயாளி 'வருத்தக்காரர்'. தமிழகத்தார்க்கு வருத்தம் மனத்துயர். யாழ்ப்பாணத்தில் 'சத்தி' என்பது வாந்தி. தமிழகத்தில் அது வலிமை. 'தடிமன்' அங்கே சளிநோய், இங்கே பருமை. 'நாரி' அங்கே இடுப்பின் பின்புறம். இங்கே இலக்கியத்தில் பெண். அங்கே 'நோ' என்பதனை இங்கே 'வலி' என்கிறோம். அங்கே 'தொய்வு' என்பதனை இங்கே 'இரைப்பு', 'ஈளை' என்கிறோம்.

1983-க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினர் தமிழகத்திற்கும் மேலைநாடுகளுக்கும் சென்றனர். 'மூன்று நாளாகச் சத்தி, நாரி நோ' என்னும் ஈழத்து மூதாட்டியின் கூற்றைத் தமிழகத்தில் வளர்ந்த மருத்துவரோ, மேலைநாட்டு மருத்துவமனையில் அமர்த்தப்பட்ட தமிழக மொழிபெயர்ப்பாளரோ கேட்கும் நிலையை எண்ணுக. ஒரு மொழியினர் இருவர் என்பதாலேயே பொருள் விளங்கியதாக இருவரும் நம்புவர். வேற்றுமொழியினர் இருவர்க்கிடையே ஐயம் எழும்; ஐயம் எழுந்த இடத்தில் வினா எழும். ஒரு மொழியினரிடையே ஐயமே எழாமையால் பிழை மறைந்து நிற்கும். தொல்காப்பியர் திசைச்சொல்லைத் தனியே வகுத்ததன் பயனை மருத்துவமனையில் உணர்கின்றோம்.

மொழிபெயர்ப்பில் மற்றோர் இடரும் உண்டு. தமிழில் 'கால்' என்பது தொடை முதல் விரல் வரை அனைத்தையும் குறிக்கும். 'கை' என்பதும் அத்தகையதே. ஆங்கிலம் இவற்றைக் கூறுபடுத்தி வெவ்வேறு சொல்லால் சுட்டும். 'மயக்கம்' என்னும் ஒரு சொல் தலைசுற்றலையும் உணர்விழத்தலையும் சோர்வையும் தழுவும். மொழிபெயர்ப்போன் இவற்றுள் ஒன்றைத் தானே தெரிந்து கூறுவானாயின், நோயைத் துணியும் வேலையை அறியாமலே மேற்கொண்டவனாகின்றான். 'எவ்விடம்? சுட்டிக் காட்டுங்கள்' என்று கேட்பதே அவன் கடன்.

5. நோவைக் கூறும் சொற்கள்

நோயாளர் மொழி நுட்பமற்றது, ஆதலின் அறிவியலுக்கு உதவாது என்பார்க்கு ஒரு விடை கூறுதல் வேண்டும். கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரானல்டு மெல்சாக்கு 1975-இல் நோவை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் நோவைக் கூறும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து அமைத்தது அது. நோயாளர் சொல் அறிவியலின் அளவைப்பொருள் ஆகும் என்பதனை அது நிறுவியது.

தமிழில் இத்தகைய செல்வம் குறைந்ததன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, பிசைதல், முறுக்கல், அரிப்பு, நமைச்சல், மரப்பு என்பன வெவ்வேறு உணர்வுகள். ஊசியின் தொழில் குத்தல். துளைக்கும் கருவியின் தொழில் குடைதல். நெருப்பின் தொழில் எரித்தல். கருவி கூறி உணர்வைப் பெறவைக்கும் உவமை இச்சொற்களுள் மறைந்துள்ளது. மேலும், சீழ்கட்டிய இடம் 'விண்விண்' என்று தெறிக்கின்றது. தலை 'கிறுகிறு' என்கின்றது. நெஞ்சு 'படபட' என்கின்றது. இரட்டைக்கிளவியைச் செய்யுளணியாகவே பயின்ற நாம், அது நோயறிதற்கும் கருவியாதலை நோக்கத் தவறினோம். மருத்துவர் 'வலிக்கிறதா?' என்று மட்டும் வினவின் 'ஆம்' என்னும் விடையே வரும். 'குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா?' என்று வினவின் நோயாளி தம் சொல்லைத் தாமே கண்டுகொள்வார்.

பேச்சிழந்தார் நிலை இதனினும் அரிது. அவர்க்குக் கண்ணசைவும் கைச்சாடையும் முகக்குறிப்பும் மொழியாகின்றன. அவற்றைப் பொருள்கொள்ள வல்லவர் அருகிருந்து பேணும் உறவினரும் செவிலியருமே. குறள் கூறும் நான்காம் கூறாகிய துணைசெய்வோனுக்குப் பரிமேலழகர் அன்பையும் அறிவையும், சொல்லியவாறு செய்தலையும் பண்பாக வைத்தார். சொல்லாததனை உணர்தலையும் இவற்றோடு கூட்டிக்கொள்ளுதல் இக்காலத்திற்கு வேண்டுவதாகும்.

6. முடிபு

மேற்கூறியவற்றால், நோயாளன் பக்கல் இடக்கரடக்கலும் மங்கலமும் திசைச்சொல்லும், மருத்துவன் பக்கல் குழூஉக்குறியும் நிற்கின்றன என்பது பெறப்பட்டது. இவ்விரு பக்கத்தையும் இணைக்கும் கடன் யாருடையது? உரைகாரர் அதனை நோயாளன்பால் வைத்தார். கிறீன் அதனை மருத்துவன்பால் மாற்ற முயன்றார். இக்காலத்தே அரசுகளும் அக்கடனை ஏற்கத் தொடங்கியுள்ளன. வேல்சு மொழி பேசும் சிறுபான்மையோரை உடைய வேல்சு நாட்டில், 2012-இல் அரசு வெளியிட்ட நலத்துறைத் திட்டம், நோயாளி கேட்கும் முன்னரே அவர் மொழியில் பணிபுரிய முன்வருதல் வேண்டும் என்னும் நெறியை வகுத்தது. நோயுற்றபோது ஒருவர் தம் மொழியை இரந்து பெறலாகாது என்பதே அந்நெறியின் உட்கிடை. இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1987-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. சட்டத்தின் ஏட்டில் ஏறிய உரிமை நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்தற்கு, அங்கே அம்மொழியைப் பேசுவார் ஒருவர் வேண்டும்.

இதன்கண் தமிழ்த்துறைக்குரிய பணி யாது? கலைச்சொல் அகராதிகள் பல உள. அவை மருத்துவர் சொல்லிலிருந்து தொடங்குவன. நோயாளர் சொல்லிலிருந்து தொடங்கும் அகராதி ஒன்று மாவட்டந்தோறும் தொகுக்கப்பெறுதல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வழங்கும் வட்டாரம், வேறு வட்டாரத்தில் அதன் பொருள், நாணமின்றிக் கூறத்தக்கதா என்னும் குறிப்பு, உடலில் அது சுட்டும் இடம் ஆகியன தரப்பெறல் வேண்டும். முதுகலை மாணவர் இதனை ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின், பேச்சுவழக்கு ஆராய்ச்சியும் வளரும், நோயாளியும் பயன்பெறுவர்.

நம் பாட்டிமார் தம் நோயை மருத்துவரிடம் சொல்லி முடிக்கும் முன்னர், உடன் சென்ற பேரன் குறுக்கிட்டு ஆங்கிலங் கலந்து சொல்லிவிடுதலை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அப்போது பாட்டி வாய்மூடிக் கொள்கின்றார். அவர் சொல்லாது விட்ட சொல்லில் நோயின் திறவுகோல் இருந்திருக்கலாம். அச்சொல்லைக் கேட்டுக் குறித்து வைத்தல் மொழியாராய்ச்சியாளர் கடன். அக்கடனை இனியேனும் மேற்கொள்வோமாக.